காயாத ஸ்லைடுகள்

போன வாரமே மெத்தனாலில் முக்கி, சாயமேற்றி, நன்றாக உலர்த்திப் பெட்டியில் அடுக்கிய ஸ்லைடு கயலின் விரலில் ஈரமாகப் பிசுபிசுத்தது. விரலை மோந்து பார்த்தாள். எச்சில் வாடை. அதற்கடியில், லேசாக, டீசல் புகை.

அடையாறு முழுவதையும் மழை மூடிக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலத்தில், ஃபிரிட்ஜின் முனகலும் ஜன்னல் தகரத்தில் சொட்டும் தண்ணீரும் தவிர ஆய்வுக்கூடத்தில் வேறு சத்தமில்லை; அவளைத் தவிர ஆளுமில்லை. ஸ்லைடைத் துடைத்து நுண்ணோக்கியில் வைத்தாள். கன்னத்துச் செல் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கரு இருக்கவேண்டும். மரபணு சிதைந்த செல்லில் மட்டும், உடைந்த துண்டு பக்கத்திலேயே ஒரு குட்டிக் கருவாகத் தங்கிவிடும். எங்கோ ஒன்றிரண்டு தென்பட்டால் கவலையில்லை. இங்கே பார்த்த இடமெல்லாம் குட்டிகள்.

தி.நகர்த் துணிக்கடை ஒன்றின் பின்புறம், ஓயாமல் புகை கக்கும் டீசல் ஜெனரேட்டருக்கு நேர்மேலே இருந்த விடுதியில் தங்கி, கடையில் சேலை விரித்துப் போடும் பெண்களின் கன்னங்கள் இவை. எல்லோருக்கும் வயது இருபதுக்குள். வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, மரக்குச்சியால் உட்கன்னத்தை வலிக்காமல் சுரண்டி, அவளே எடுத்தவை.

"வாயைத் தொறந்தாலே சூப்பர்வைசர் ஏசுதாரு. நீங்க ஒருத்திதான்க்கா நல்லாத் தொறன்னு சொல்லுதீய" என்று அன்று வரிசையில் முதலில் நின்ற இசக்கியம்மாள் சிரித்தாள்.

"தொற தொற, உள்ளே இன்னா தங்கமா கீது?" என்றாள் நொச்சிக்குப்பத்துக் கயல்.

மழையில் நனைந்து வந்த கயலுக்கு, நகப்பூச்சு உதிர்ந்த விரல்களால் தன் துண்டை நீட்டித் தலை துவட்டச் சொன்னதும் இசக்கிதான். "முடிவை மறைக்காம சொல்லிருங்கக்கா. அதைக் காட்டி ரூமை மாத்தச் சொல்லுவோம்" என்றாள். சொல்கிறேன் என்று கயல் கையடித்துக் கொடுத்திருந்தாள்.

கைபேசி அதிர்ந்தது. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் பத்ரிநாராயணன்.

"நான் சொன்னபடி ஸ்லைடெல்லாம் அலம்பியாச்சாம்மா?"

"இல்ல சார்."

"சாயம் சரியா ஏறலைன்னு எழுதிடலாம். இது வெளில போனா கடைக்காரா நம்மளை வாசல்லயே நிறுத்திடுவா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"சாயம் நல்லாத்தான் ஏறியிருக்கு சார். நான் கழுவ மாட்டேன்."

"சரி, நானே வரேன். வாசல்லதான் இருக்கேன்."

அவள் கைபேசியை வைத்தபோது, மூலையில் இருந்த கைகழுவும் தொட்டியில் யாரோ வாய் கொப்பளித்தார்கள்.

திரும்பினாள். தொட்டி காலி. குழாய் மூடியிருந்தது. மறுபடி அதே சத்தம்: நீரை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளி, நிதானமாக, சொன்னபடி கேட்கும் பிள்ளைபோலக் கொப்பளிக்கும் சத்தம். பிறகு இன்னொரு வாய். பிறகு இன்னொன்று. முறை வைத்து, வரிசையாய்.

கால்கள் கதவுப் பக்கம் இழுத்தன. ஓடிவிடலாம். ஓடினால் அவர் வருவார், கழுவிவிடுவார்.

"முண்டகக்கண்ணித் தாயே" என்று முணுமுணுத்தாள். துப்பட்டாவைக் கழற்றி, தூங்கும் குழந்தைக்குப் போர்த்துவதுபோல ஸ்லைடுப் பெட்டியின்மேல் போர்த்தினாள். பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"எனக்கும் பயமாத்தான் கீது" என்றாள் காலித் தொட்டியைப் பார்த்து. "ஆனா போமாட்டேன்."

கொப்பளிப்பு நின்றது.

கதவு திறந்தது. பத்ரிநாராயணன் குடையை மடக்கினார். நுண்ணோக்கியில் இருந்த ஸ்லைடை உருவினார். தொட்டிக்குப் போனார்.

"வேணாம் சார். அங்கே போவாதீங்க!"

குழாயைத் திறந்தார். சாயம் கரைந்தது. நீலம். பிறகு கறுப்பு. கண்ணாடி வெறுமையானது.

மறுபடி அந்தச் சத்தம். இப்போது தொட்டியில் இல்லை.

அவருடைய கன்னங்கள் உப்பின. வலது. இடது. வலது. கையால் வாயைப் பொத்தினார். விரலிடுக்கில் கறுப்பாய் வழிந்தது. டீசல் வாடை.

கயல் எழுந்தாள். தொட்டியண்டை போய்க் குழாயை மூடினாள். அவர் கழுவ வந்த பெட்டிக்கும் அவருக்கும் நடுவே நின்றாள்.

"இனிமே ஒண்ணுத்தையும் தொட வுடமாட்டேன்."

அவர் ஏதோ சொல்ல வாய் திறந்தார். குரல் வரவில்லை. மூடப் பார்த்தார். முடியவில்லை. கண்ணில் நீர் முட்டியது. இன்னும் திறந்தது. இன்னும்.

உள்ளிருந்து, உட்கன்னத்துச் சதையைப் பிளந்துகொண்டு, நகப்பூச்சு உதிர்ந்த சின்னஞ்சிறு விரல்கள் வரிசையாக வெளியே வந்து, அவருடைய இரண்டு உதடுகளையும் பிடித்து விரித்துக்கொண்டிருந்தன.