முன்னே போனவர்கள்

மாம்புரியைத் தாண்டி, கற்பிட்டி வீதியிலிருந்து களப்புப் பாதை பிரியும் இடத்தில் கிடுகு வேய்ந்த ஒரு கடை இருந்தது. பலகையில் 'றஹ்மத் உம்மா தேநீர்க் கடை' என்று பச்சைப் பெயின்றில் எழுதியிருந்தார்கள். தக்ஷாயினி சைக்கிளை விட்டு இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, உள்ளேயிருந்து வந்த வயதான பெண் முக்காட்டைச் சரிசெய்தபடி கேட்டாள்:

"என்ன புள்ள, எதையாச்சும் மறந்துட்டுப் போயிட்டீங்களா?"

"நாங்க இப்பத்தான் வாறம், அம்மா."

றஹ்மத் உம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கழுத்தில் சுற்றிய நீலத் துணி, வெள்ளைச் சட்டை, வாடகைச் சைக்கிளின் முன்கூடை. பிறகு பக்கத்தில் நின்ற அவளுடைய கணவன் சிவகரனையும் அவனுடைய ஓலைத் தொப்பியையும் பார்த்தாள்.

"பகிடி விடாதீங்க. இப்பதானே இந்த வாங்குல இருந்து ரெண்டு பேரும் பிளேன்டீ குடிச்சீங்க. நீங்க ஒரு மடக்கும் குடிக்கல்ல, ஒரு வார்த்த கதைக்கவும் இல்ல. அவருதான் ஒங்கடதையும் எடுத்துக் குடிச்சாரு."

வாங்குப் பலகையில் இரண்டு கோப்பைகள் இருந்தன. தக்ஷாயினி ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் சூடு ஆறவில்லை.

சிவகரன் சிரித்தான். "எங்களப் போல இன்னொரு சோடி வந்திருக்கு போல. எந்தப் பக்கம் போனவை?"

அந்தப் பெண் களப்புப் பாதையைக் கையால் காட்டினாள். அவர்கள் கிளம்பும்போது தக்ஷாயினியின் முழங்கையைப் பிடித்து, "கவனம் புள்ள" என்றாள்.

பிரான்சில் ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் அவர்கள் இப்படித்தான் போவார்கள். ஆறு ஒரு பக்கம், திராட்சைத் தோட்டம் ஒரு பக்கம் என்று நீளும் பாதையில், அவசரமில்லாமல் ஊர் ஊராக மிதித்து, மரநிழல் கண்ட இடத்தில் துணியை விரித்து, பாணும் பழமும் சாப்பிட்டு, பொழுது சாயுமுன் ஏதாவதொரு சின்ன விடுதியைப் பிடிப்பார்கள். உணவகச் சமையலறையில் வருசம் முழுக்க நெருப்போடு நிற்கும் சிவகரனுக்கும், முதியோர் இல்லத்தில் நோயாளிகளைக் குளிப்பாட்டிவிடும் அவளுக்கும் அந்த ஆற்றங்கரை நாட்கள்தான் மூச்சு. யுத்தம் முடிந்த பிறகு இதுதான் அவர்களின் முதல் ஊர்ப் பயணம். உடப்பில் அக்கா வீட்டில் தீமிதிப்பு முடியும்வரை இருந்துவிட்டு, "எங்கட ஊர்த் தண்ணிக் கரையிலயும் ஒருக்கா மிதிச்சுப் பாப்பம்" என்று அவன்தான் ஆசைப்பட்டான். எப்போதும் அவன் முன்னால் போவான், அவள் அவனுடைய முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் வருவாள். அந்த முதுகைப் பார்த்தால் அவளுக்கு மனம் நிறையும்.

காற்று தென்மேற்கிலிருந்து அடித்தது. முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் அது அவர்களை வடக்கே கொண்டுபோனது, மிதிக்கவே தேவையிருக்கவில்லை. வலப்பக்கம் களப்பு நீர் வெயிலில் தகரம்போல் மின்னியது. வெங்காயத் தோட்டங்களின் எரு நாற்றமும், எங்கோ காயும் கருவாட்டின் வாடையும், உப்பு கலந்த சேற்று மணமும் மாறிமாறி வந்தன. பனைகளின் காய்ந்த ஓலைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தத்துக்கு அடியில் அவளுடைய சங்கிலியின் கிறீச்சொலி சீராகக் கேட்டது. கொஞ்சத் தூரத்தில் மண் ஈரமானது. அதில் இரண்டு சைக்கிள் தடங்கள் முன்னால் போயிருந்தன. தங்களுடைய சக்கரம் பதிக்கும் அதே கட்டம் கட்டமான கோடுகள் என்பதை அவள் கவனித்தாள். ஒரு தடம் நூல் பிடித்ததுபோல் நேராகப் போனது. மற்றது அடிக்கடி வளைந்து, பாதையோரத்துக்கு ஒதுங்கி, மறுபடி சேர்ந்துகொண்டது.

பாதையின் நடுவில் ஒரு மனிதன் குந்தியிருந்தான். மடியில் ஒரு ஆட்டுக்குட்டி. அதற்குத் தலை என்று சொல்ல எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. அவனுடைய சாரம் முழங்கால்வரை நனைந்து கறுத்திருந்தது. சுற்றிலும் மற்ற ஆடுகள் மேயாமல் நின்றன.

அவர்களைக் கண்டதும் அவன் குட்டியை மெதுவாக மண்ணில் வைத்துவிட்டு எழுந்தான்.

"திரும்பி வந்திட்டியா?"

"அண்ணன், நாங்க..." என்று தக்ஷாயினி தொடங்கினாள்.

"நீங்க கதைக்காதீங்க ராத்தா. நீங்க அப்பயும் மரம் மாதிரி நின்டு பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க." அவன் சிவகரனின் கைப்பிடியைப் பற்றினான். "பாதைல நின்ட வாயில்லா ஜீவன். மணி அடிச்சா வெலகும். இந்த ஜௌபர்ட ஆட்ட எறங்கி வந்து சைக்கிள் பம்மால அடிச்சே கொல்ற அளவுக்கு அது ஒனக்கு என்னடா செஞ்சிச்சு?"

"நாங்க இல்ல. எங்களுக்கு முன்னால போனவை" என்றான் சிவகரன்.

"என்ட ரெண்டு கண்ணால கண்டன்."

"கைய எடுங்க."

ஜௌபர் கையை எடுக்கவில்லை. மற்றக் கையால் சிவகரனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். சிவகரன் அவனைப் பார்த்துக்கொண்டே, சைக்கிளின் குறுக்குக் கம்பியில் செருகியிருந்த, காற்றடிக்கும் இரும்புப் பம்மை உருவினான். முதல் அடி காதின்மேல் விழுந்தது. தேங்காய் உடைக்கும் சத்தம். ஜௌபர் விழவில்லை. ஆச்சரியப்பட்டவன்போல் காதைத் தொட்டுப் பார்த்தான். இரண்டாவது அடி அந்த விரல்களின்மேல். பிறகு அவன் முழங்காலில் சரிந்தான், சிவகரன் சைக்கிளை ஒழுங்காக மண்ணில் சாய்த்து வைத்துவிட்டு வந்து, தொடர்ந்து அடித்தான். கோபமில்லாமல், மூச்சிரைக்காமல், இறைச்சி தட்டுகிறவனின் பழகிய கையோடு. ஆடுகள் சிதறி ஓடின.

அவள் மரம் மாதிரி நின்றாள்.

அதை அவளே உணர்ந்தபோது சைக்கிளைக் கீழே போட்டாள். போய் அவனுடைய கையைப் பிடித்தாள். "விடுங்க. செத்துடுவான், விடுங்கப்பா."

அவன் உடனே நிறுத்தினான். ஜௌபர் முழங்கைகளால் ஊர்ந்து முட்பற்றைப் பக்கம் போனான். போன வழியெல்லாம் மணல் சிவந்தது. சிவகரன் பம்மைப் புல்லில் துடைத்து, பழைய இடத்தில் செருகினான்.

"என்னில கை வச்சவன்" என்றான். "வா, நேரம் போகுது."

"திரும்பிப் போவம். ஆரையாவது கூப்பிடுவம்."

"முன்னால போறவையப் பிடிக்க வேணும், தக்ஷா. அவையாலதானே எல்லாம்."

அவனுடைய குரல் வழக்கம்போலவே இருந்தது. அவள் சைக்கிளில் ஏறினாள். ஏன் ஏறினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆற்றங்கரையில் ஒருமுறை ஒரு நாய் அவளைப் பார்த்துக் குரைத்தது நினைவுக்கு வந்தது. சிவகரன் இறங்கி, கல்லொன்றைத் தேர்ந்தெடுத்து, அருகில் போய் எறிந்தான். நாய் ஒரு கண்ணோடு ஓடியது. அதற்குப் பிறகு இருவரும் மரநிழலில் இருந்து பழம் சாப்பிட்டார்கள். தன்மேல் எவ்வளவு அன்பு என்று அன்றைக்கு அவள் நினைத்திருந்தாள்.

பற்றைகள் குறைந்து உப்பளங்கள் வந்தன. சதுரம் சதுரமாகத் தேங்கிய உப்புநீர், கண்ணைக் குத்தும் வெள்ளை, வேலைக்கு ஒரு ஆள்கூட இல்லை. காற்று மட்டும் விடாமல் தள்ளியது. அவள் அவனுடைய முதுகைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்தாள்.

நேரான தடம். வளைந்த தடம்.

வளைந்தது இன்னும் வளைந்தது. நேரானது அதை நெருங்கியது. ஓரிடத்தில் இரண்டும் ஒன்றையொன்று வெட்டின. அங்கே மண் கிளறப்பட்டிருந்தது. குதிகால் இழுபட்ட இரண்டு கோடுகள் உப்புப் பாத்தியின் விளிம்புவரை போயின. பாத்தியில் ஒரு சைக்கிள் பாதி மூழ்கிக் கிடந்தது. அதன் முன்கூடை அவளுடைய கூடை. வெள்ளை நீரில் இளஞ்சிவப்பு மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.

அங்கிருந்து ஒரே ஒரு தடம் குறுக்கு வரம்பில் ஏறி, பெருவீதிப் பக்கம் திரும்பியது. நேரான தடம்தான். ஆனால் இப்போது ஆழமாகப் பதிந்திருந்தது. எதையோ சுமந்து போயிருக்கிறது.

சிவகரன் இறங்கி நின்றான். பாத்தியைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான். நல்ல நிழலொன்றைக் கண்டுபிடித்துவிட்டவனின் முகம்.

"இஞ்ச கொஞ்சம் இருப்பம்" என்றான்.

அவனுடைய கை குறுக்குக் கம்பியை நோக்கிப் போனது.

அவள் சைக்கிளைத் திருப்பினாள்.

அதுவரை முதுகில் இருந்த காற்று முகத்தில் அறைந்தது. மணல் பல்லில் நெரிந்தது. எழுந்து நின்று மிதித்தாள். சைக்கிள் நகர மறுத்தது. பின்னால் அவன் கூப்பிட்டான், சத்தம் போடாமல், பெயரை மட்டும். பிறகு கூப்பிடவில்லை. பிறகு டயர் மணலில் உரசும் ஒலி. திரும்பிப் பார்க்கவில்லை. மிதித்தாள். நெஞ்சு எரிந்தது. முட்பற்றை வந்தது. ஜௌபர் குப்புறக் கிடந்தான். சாரம் மட்டும் காற்றில் படபடத்தது. ஈக்கள். மிதித்தாள். ஓலைகளின் இரைச்சல். மிதித்தாள். பின்னால் வரும் ஒலி வேகம் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அவசரமில்லாத ஒலி.

பச்சை எழுத்துப் பலகை.

சைக்கிளைப் போட்டுவிட்டுக் கடைக்குள் ஓடினாள். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு உள்ளே ஒன்றும் தெரியவில்லை. மண்ணெண்ணெய் மணமும் தேயிலைச் சாயத்தின் மணமும். அவற்றுக்கு மேலே உப்புச் சேறு.

றஹ்மத் உம்மா அடுப்படிச் சுவரோடு ஒட்டி நின்றாள். அவளுடைய இரண்டு கைகளும் முழங்கைவரை சிவந்திருந்தன. தக்ஷாயினியைக் கண்டதும் அவளுடைய வாய் திறந்து அப்படியே நின்றது.

"அம்மா, கதவச் சாத்துங்க. அவர் வாறார்."

"அல்லாஹ்வே" என்றாள் றஹ்மத் உம்மா. "ஒங்களத்தானே புள்ள இப்ப கொண்டாந்து கெடத்தினாரு. சைக்கிள்ள இருந்து விழுந்துட்டா எண்டு சொன்னாரு. என்ட கையாலதானே ரெத்தத்த தொடச்சேன்."

தரையில் ஒரு பாய். அதில் சாரத்தால் மூடிய ஒரு உருவம். ஓரத்தில் நீலத் துணியின் நுனி ஈரமாக நீட்டிக்கொண்டிருந்தது.

தக்ஷாயினி குனிந்தாள். தொடவேண்டாம் என்று நினைத்தாள். சாரத்தை விலக்கினாள்.

நெற்றி உள்ளே போயிருந்தது. இமை மயிர்களில் உப்பு பூத்திருந்தது. உடைந்த வாய். உதட்டோரத்து மச்சம். காலையில் கண்ணாடியில் பார்த்த முகம்.

வெளியே ஒரு சைக்கிள் நின்றது. ஸ்டாண்டைத் தட்டி நிறுத்தும் சத்தம். வாசலில் வெளிச்சம் மறைந்தது. ஓலைத் தொப்பி. சிவகரன் மூச்சு வாங்காமல் நின்றான். கையில் பம்.

றஹ்மத் உம்மா அவனைப் பார்க்கவில்லை. பின்பக்கக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே வாளித் தண்ணீர் சலசலத்தது. யாரோ கை கழுவினார்கள். நிதானமாக. தண்ணீர் நின்றது. ஈரக் காலடிகள் வந்தன. பின்கதவில் சிவகரன் நின்றான். சட்டையில் உப்புக் கறை. கைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

முன்வாசலில் நின்றவன் உள்ளே ஓர் அடி வைத்தான். பின்கதவில் நின்றவன் குனிந்து, பாயில் கிடந்தவளைத் தோளிலும் இடுப்பிலும் பிடித்து, நித்திரை கலையாமல் பார்த்துக்கொள்கிறவன்போல் மெதுவாகச் சுவரோரம் தள்ளினான். பிறகு வெறுமையான பாதிப் பாயைக் கையால் தட்டி, சுருக்கம் எடுத்துவிட்டான்.