ஆறு மணிக்கு மேல் சிவப்பு மை

“ஐயோ... அந்த மிஷினை ஏங்க உரிக்கிறீங்க?”

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். துணிக்கடையின் பின்வாசலில், வருகை அட்டை குத்தும் கடிகாரத்தின் மூடியைக் கழற்றி மடியில் வைத்தபடி ஒருவன் தரையில் உட்கார்ந்திருந்தான். தலைமுடியெல்லாம் மழைத்துளி. நிமிர்ந்து பார்த்தான்... அடேயப்பா, என்ன கண்கள்! முப்பது வருடம் ஓடிவிட்டது. இன்றைக்கும் அந்தப் பார்வையை நினைத்தால் அவளுக்குக் கன்னம் சூடாகிறது.

“உரிக்கலீங்க. வைத்தியம் பாக்குறேன்.”

“அதுக்கு என்ன நோயாம்?”

“உண்மை பேசுற நோய். ஆறு மணிக்கு மேல குத்தினா சிவப்பு மையில அடிக்குதாம். இனிமே சிவப்பே விழக் கூடாதுன்னு முதலாளி உத்தரவு.”

அவளுக்குச் சுருக்கென்றது. அந்தச் சிவப்புக்குக் காரணமே அவள்தான்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். ஆறு மணிக்கு எல்லோரும் வரிசையாக நின்று அட்டை குத்த வேண்டும். குத்திவிட்டு வீட்டுக்குப் போவார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? மறுபடியும் கடைக்குள்ளே! வாடிக்கையாளர்கள் போட்டுப் பார்த்துக் கலைத்த உடுப்புகளை மடித்து அடுக்கி முடிக்க ஏழேகால் ஆகும். அந்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. கேட்டால் முதலாளி தேன் ஒழுகச் சிரிப்பார். “நாமெல்லாம் ஒரே குடும்பம்மா... குடும்பத்துல நேரம் பாப்பாங்களா?”

சட்டைப் பிரிவில் நிற்கும் அவளுக்குக் கடையில் ‘பட்டாசு’ என்று பெயர். போன வாரம் முழுக்க, வேலை முடிந்த பிறகுதான் அவள் அட்டை குத்தினாள். ஏழு பத்து, ஏழு இருபது... எல்லாம் சிவப்பு.

வீம்புக்காகச் செய்யவில்லை; பறிபோகும் அந்த நேரம் அட்டையிலாவது பதியட்டும் என்றுதான். அவள் அம்மா ஆஸ்பத்திரியில் இரவு நர்ஸ். ஆறரைக்குக் கிளம்பிவிடுவாள். காலையில் அவள் திரும்புவதற்குள் மகள் வேலைக்குப் போயிருப்பாள். இருவரும் முகம் பார்க்கக் கிடைத்ததே சாயங்காலம் ஒரு இருபது நிமிஷம். கடையில் இந்த வழக்கம் தொடங்கிய நாலு மாதமாக அதுவும் போயிற்று. ‘சாப்பாடு மூடி வச்சிருக்கேன்’ என்று மேஜையில் ஒரு துண்டுச் சீட்டு மட்டும் காத்திருக்கும்.

“ஓஹோ... முதலாளிக்கு வாலாட்ட வந்திருக்கீங்க!”

“அவர் என் தாய்மாமாங்க.”

அவள் முகம் வெளிறியது. ஆனாலும் பட்டாசு ஆயிற்றே! “அப்ப போய்ச் சொல்லுங்க. நாளைக்கே என்னை வேலையை விட்டுத் தூக்கட்டும்.”

விருட்டென்று உள்ளே போய்விட்டாள். அவனுக்குத்தான் கை ஓடவில்லை. அப்பா போன பிறகு அவனைப் படிக்கவைத்தவர் மாமா. அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

கதவிடுக்கு வழியாகப் பார்த்தான். சட்டை மடித்துக்கொண்டிருந்தவள் சுவர்க் கடிகாரத்தையே பார்த்தாள். ஆறரை ஆனதும் கண்ணை மூடித் திறந்தாள்... ஈரம்!

பில் போடும் அக்கா அவனருகில் வந்து மெதுவாகச் சொன்னாள். “ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, அவ அம்மாவோட உக்காந்து பேசி நாலு மாசமாச்சு தம்பி.”

அவன் எதையும் மாற்றாமல் மூடியைத் திருகி மாட்டினான். நேராக மாமாவிடம் போனான்.

“என்னடா, சரியாயிடுச்சா?”

“மிஷின் சரியாத்தான் இருக்கு மாமா. நீங்க பண்றதுதான் சரியில்லை.”



“உன்னைப் படிக்க வச்சவன்டா நான்!”

“அதனாலதான் எனக்கு மணி பாக்கத் தெரியுது மாமா.”

“இனிமே இந்த வாசலை மிதிக்காதே!”

அவன் தலைகுனிந்து வெளியேறினான். பாதி மடித்த சட்டையை அப்படியே வைத்துவிட்டு அவள் முன்னால் வந்தாள். “நாளையிலேர்ந்து ஆறு மணிக்கு நான் கிளம்புறேன் சார். இருக்கச் சொன்னீங்கன்னா, சிவப்பும் விழணும், சம்பளமும் வரணும்.”

பில் அக்கா தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவள் பின்னாலேயே இன்னும் ஐந்து பேர். அத்தனை பேரையும் தூக்கிவிட்டு யாரை வைத்துக் கடை நடத்துவது? முதலாளி ஒதுங்கி வழிவிட்டார்.

மறுநாள் ஆறு மணி. வெளியே தூறல். எதிர்க்கடைக் கூரைக்குக் கீழே அவன்...

“வாசலை மிதிக்கக் கூடாதுன்னாரே உங்க மாமா?”

“அதான் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நிக்கிறேன்.”

சிரித்துவிட்டாள். “நேத்து வாலாட்டன்னு ஏதோ சொல்லிட்டேன்... மன்னிச்சிடுங்க.”

“அதை விடுங்க. நியாயத்துக்காகத்தான் மாமாகிட்ட பேசுறேன்னு நெனச்சேன். வீட்டுக்குப் போனப்புறம்தான் புரிஞ்சுது... உங்க கண்ணு கலங்கினதை என்னால பாக்க முடியலை. எனக்கு உங்களை ரொம்பப் புடிச்சிருக்குங்க.”

மழையில் பட்டாசு நமுத்துத்தான் போயிற்று. தரையைப் பார்த்தாள், மழையைப் பார்த்தாள், கடைசியில் அவனைப் பார்த்தாள்.

“எனக்கும்தான்... ஆனா அதை நடுரோட்டுல நின்னு பேசினா எப்படி? ஆறரைக்கு அம்மா கிளம்பிடுவாங்க. சீக்கிரம் நடங்க!”

அன்றைக்குத்தான் அம்மா முதல் முறையாக வேலைக்குத் தாமதமாகப் போனாள்.