டீச்சரிடம் சொன்னது யார்?

"எனக்கு ஒண்ணும் வேணாம். நீ தொட்ட டம்ளரை நான் தொடமாட்டேன்!"

மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அம்மா பால் டம்ளரோடு கட்டிலை ஒட்டி நின்றாள்.

"வெறும் வயித்துல மாத்திரை போடக்கூடாதுடி... என் மேல இருக்கற கோபத்தை வயித்து மேல காட்டாதே..."

"சத்தியம் பண்ணிட்டுப் போட்டுக்கொடுத்தவகூட எனக்கென்ன பேச்சு? போ வெளியே!"

பள்ளிக்கூடங்களுக்கு இடையிலான பெரிய நெடுந்தூர ஓட்டம் அன்றைக்குத்தான். வேன் விடியும்போதே கிளம்பிவிட்டது. அதில் முன்சீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டிய பெண், காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடக்கிறாள். எந்தத் தாய்க்குத்தான் மனசு ஆறும்? அதிலும் டீச்சரிடம் சொல்லி அவளை நிறுத்திய பழி தன் தலையிலேயே விழுந்திருக்கும்போது!

கூடத்திலிருந்து நாத்தனார் குரல் கொடுத்தாள். புருஷனின் அக்கா. இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்தவள், வருஷக்கணக்கில் தங்கிவிட்டாள்.

"விடுடி கண்ணு! பெத்தவளே காலை வாரிவிட்டா வேற யாரை நொந்துக்கறது? கூடவே சைக்கிள் ஓட்டினாளே, அப்பவே எனக்கு உள்ளுக்குள்ள உறுத்திச்சு. பொண்ணு பேரெடுத்தா தன்னை யாரும் மதிக்கமாட்டாங்கன்னு பயம்!"

"அண்ணி... வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க!"

"நான் பேசலம்மா. ஊரே பேசுது!"

புருஷன் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தார் என்றுதான் பேர், பக்கம் புரளவே இல்லை. அவள் அவர் முகத்தையே பார்த்தாள். ஒரு வார்த்தை... 'அவ அப்படிச் செய்யறவ இல்லை' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா?

"கடைக்கு நேரமாச்சு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

தெருவில் அவளுக்குச் சைக்கிளம்மா என்று பேர். சும்மா வந்துவிடவில்லை அந்தப் பேர். போன வருஷப் போட்டிகள் முடிந்ததும் விளையாட்டு டீச்சர் மகளைக் கொஞ்ச நாள் ஓடவே விடவில்லை. "உடம்பு ஆறணும், நல்லாத் தூங்கு" என்றுவிட்டார். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் பூனைக்குட்டி மாதிரி குறுக்கும் நெடுக்கும் அலைந்தது அந்தப் பெண். பிறகு மழை மாதங்களில் மெதுவோட்டம் ஆரம்பமானது. தூரம் அதிகம், வேகம் குறைவு. ஓடும்போது மூச்சு வாங்காமல் பேச முடிய வேண்டும் என்பது டீச்சரின் கட்டளை. பேச ஆள் வேண்டுமே! அம்மா சைக்கிளை எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பினாள். மழைக்கோட்டுக்குள் நனைந்தபடி, ஸ்கூல் கதை, தோழிகள் கதை, அத்தையின் குறட்டைக் கதை எல்லாம் பேசிச் சிரித்தார்கள்.

அதே சமயம்தான் அவள் வேலை பார்த்த தையல் கம்பெனியில் சூப்பர்வைசர் பதவி தேடி வந்தது. விடியற்காலையிலேயே வந்து மெஷின் ஷெட்டைத் திறந்துவிட வேண்டும் என்றார்கள். "வேணாம் சார், எனக்குக் காலையில வேற வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டாள். அவளுக்குப் பிறகு சேர்ந்தவள் இப்போது அவளை அதட்டுகிறாள். இதை அவள் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

மழை விட்டதும் மேட்டு ரோட்டில் ஏறி ஓடும் பயிற்சி. அதில்தான் ஷூவின் அடிப்பாகம் தேய்ந்து ஓட்டை விழுந்தது. அப்பா விடுவாரா? டயர்க்கடைக்காரர் ஆயிற்றே! பழைய டயரை அறுத்து, இழைத்து, பசை போட்டு ஒட்டி, "இந்தா, இது உன் கல்யாணம் வரைக்கும் தாங்கும்!" என்று நீட்டினார். மகளுக்குத் தலைகால் புரியவில்லை. புதுசு வாங்கித் தருகிறோம் என்று டீச்சர் சொன்னபோதுகூட, "எங்கப்பா செஞ்சதுதான் வேணும்" என்று அடம்பிடித்தாள்.

கோடையில் மைதானத்தில் வேகச் சுற்றுகள் தொடங்கின. விசில் அடித்தால் பாய வேண்டும், அடுத்த விசிலுக்கு நடக்க வேண்டும், மறுபடி பாய்ச்சல். முழங்காலுக்குக் கீழே வலி வந்தது அப்போதுதான். ஓடி முடித்துத் தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. எண்ணெய் தேய்த்துவிட்ட அம்மாவின் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள் மகள்.

"டீச்சருக்குத் தெரிஞ்சா என்னை நிறுத்திடுவாங்கம்மா. சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு!"

பண்ணித் தொலைத்தாள். டாக்டரிடம் போகலாம் என்று தினமும் கெஞ்சினாள். சொல்லிவிடலாமா, வேண்டாமா என்று உள்ளுக்குள் வெந்தாள். போட்டி நெருங்க, இனி ஓட்டத்தைக் குறைத்து ஓய்வெடுக்கலாம் என்ற நேரத்தில், டீச்சர் திடீரென்று மகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விட்டார். எக்ஸ்ரேயில் எலும்பில் விரிசல். ஒரு வருஷ உழைப்பு அத்தனையும் போச்சு! அம்மாவைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? மகள் கேட்ட கேள்வி அதுதான். "சத்தியமா நான் இல்லடி" என்றவளை ஒருவரும் நம்பவில்லை.

கட்டிலடியில் டம்ளரை வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தாள். அங்கே சார்ஜில் கிடந்த புருஷனின் போன் அடித்தது. மறந்து விட்டுப் போயிருக்கிறார். எடுத்தாள். டீச்சர்! பின்னால் மைதானத்து மைக் சத்தம்.

"அம்மா, நீங்களா? அவ எப்படி இருக்கா? மனசு கேக்கல, அதான் பண்ணினேன். உங்க வீட்டுக்காரர் அன்னிக்கு கிரவுண்டுக்கே வந்து சொன்னாரோ, இவ பொழைச்சாளோ! இன்னிக்கு ஓடியிருந்தா எலும்பு ரெண்டாப் போயிருக்கும்மா..."

அவள் போனை அப்படியே மேடையில் வைத்துவிட்டாள்.

அவரா? வீடே தன்னைக் காறித் துப்பியபோது, பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே... அவரா!

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே கடைக்குப் போனாள். அவர் ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அழுத்திக் கொப்புளம் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் டியூப் கை நழுவியது.

"டீச்சர் போன் பண்ணினாங்க" என்றாள்.

அவருக்கு முகம் செத்துவிட்டது.

"நொண்டறதைப் பாத்துட்டேன்... மனசு கேக்கல. போய்ச் சொன்னேன்."

"நல்ல காரியம்தானே? நான் செஞ்சிருக்க வேண்டியது! அதை ஏன் மறைச்சீங்க?"

"அந்த ஷூவைக் கையில வாங்கி வளைச்சுப் பாத்துட்டு டீச்சர் சொன்னாங்க... டயர் ரப்பர் கல்லு மாதிரி, அதிர்ச்சி எல்லாம் எலும்புலதான் இறங்கியிருக்குன்னு. எம்பொண்ணு காலை நானே ஒடைச்சுட்டேன்! நான்தான் சொன்னேன்னா, டீச்சர் என்ன சொன்னாங்கன்னு கேப்பா... ஷூ கதை வரும். அவ முகத்துல எப்படி முழிப்பேன்?"

"அதனால நான் முழிக்கமுடியாமப் போனாப் பரவாயில்லையா? நான் தொட்ட டம்ளரைத் தொடமாட்டேங்கறா! அதையும் கேட்டுட்டுத்தானே உக்காந்திருந்தீங்க? பாவி மனுஷா!"

அவர் தொட்டிக்குள் கையைவிட்டு டியூபைத் துழாவினார்.

"அவகிட்ட நான் சொல்லமாட்டேன், நீங்களே சொல்லணும். நீங்க எந்திரிச்சு வாங்க."

கடையை அடைத்துவிட்டு அவள் பின்னாலேயே வந்தார். மகளின் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். டீச்சரிடம் போனது, டயர், பயம், வாயை மூடிக்கொண்டது, அத்தனையும். சொல்லும்போதே உடைந்து அழுதார்.

"அழாதீங்கப்பா! நீங்க ஆசையாத்தானே செஞ்சீங்க..." மகள் எட்டி அவர் தலையைத் தடவினாள்.

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மாவுக்கு அதுவரை அடக்கியதெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது.

"அடிப் பாவி! செஞ்சவருக்கு ஒரு நிமிஷத்துல மன்னிப்பு. செய்யாத எனக்கு இத்தனை நாள் தண்டனையா? அவர் கண்ணீர் கண்ணீரு, என்னோடது வெறும் தண்ணியாடி?"

மகளின் முகம் கோணியது. மாவுக்கட்டுக் காலை இழுத்துக்கொண்டு இறங்க முயன்று, நிலைதடுமாறி, அம்மாவின் மேலேயே வந்து விழுந்தாள்.

"அம்மா... தப்புப் பண்ணிட்டேன்மா... அடிம்மா, என்னை ரெண்டு அடி அடி..."

அடிக்கவா செய்வாள்! மார்போடு இறுக்கி அணைத்துக்கொண்டாள். இருவரும் தரையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார்கள். கூடத்திலிருந்த நாத்தனார் எழுந்து அடுப்படிக்குப் போனாள். சற்றுப் பொறுத்துப் பாலைச் சூடுபண்ணி எடுத்துவந்து, யார் முகத்தையும் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனாள்.

"உங்கையால குடு" என்றாள் மகள். கொடுத்தாள். குடித்தாள். அழுத களைப்பில் அம்மாவின் மடியிலேயே தூங்கிப்போனாள்.

அவர் இன்னும் போகாமல் ஓரமாக நின்றார்.

"அவளே மன்னிச்சுட்டா. நீயும்..."

மகளின் தலைமுடியை ஒதுக்கிவிட்டபடி, அவரை நிமிர்ந்து பார்க்காமல் அவள் சொன்னாள்:

"அவ சின்னப் புள்ள. அழுதா ஆறிடும். நான் உங்க பொண்டாட்டி... எனக்கு நாளாகும்."