மார்ச் மாதத்துக் குறிப்பு

நான்கு ஜனாதிபதிகளுக்கு ஆலோசனை சொன்ன எல்பிரிட்ஜ் தேயரின் வீட்டில் ஒரே ஒரு தாள் காணாமல் போயிருந்தது. அதைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி அவருடைய மகள் லவினியா, ஆகஸ்ட் வெயிலில் வியர்த்து விறுவிறுக்க, துப்பறிவாளர் பென்ரோஸிடம் வந்தாள்.

"போர் வேண்டாம்னு அப்பா ஜனாதிபதிக்கு எழுதின குறிப்போட நகல் சார். நாளைக்கு ஜனாதிபதியோட ஆவணங்களைப் பாதுகாக்கற நூலகத்துக்குக் குடுக்கறதா இருந்தது. மேசைச் சாவி அப்பாகிட்ட, என்கிட்ட, செக்ரட்டரி வினிஃப்ரெட்கிட்ட மட்டும்தான் இருக்கு. சாயங்காலம் அவ மேல போலீஸ்ல புகார் குடுக்கப் போறேன்."

தான் எடுத்து வைத்திருந்த பிரதியை நீட்டினாள். பென்ரோஸின் கூட்டாளி டெல்லா, முன்னாள் நிருபர், அதை ஆவலோடு வாங்கி வாசித்தாள்.

"'பிள்ளையைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் தகப்பன்மார்களில் ஒருவனாகச் சொல்கிறேன்.' அடேயப்பா! அசல் தாள் கிடைச்சா எந்தப் பத்திரிகையும் காசு குடுத்துக் கொத்திக்கிட்டுப் போகும். எடுத்தது அந்த செக்ரட்டரியம்மாதான் சார்!"

"கொஞ்சம் பொறு, டெல்லா. வீட்டைப் பார்ப்போம்."

ஜார்ஜ்டவுன் வீட்டில் தேயர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். எண்பத்தாறு வயது. குளிர்காயும் கணப்படுப்பில் புதிதாகச் சாம்பல் கிடந்தது. அதற்கு மேலே, பட்டமளிப்பு அங்கியில் சிரிக்கும் மகன் லோவெலின் படம். போரில் இறந்தவன்.

"உங்க தம்பி எப்ப ராணுவத்துல சேர்ந்தார்?" என்றார் பென்ரோஸ்.

"ஜூன்ல பட்டம், செப்டம்பர்ல ராணுவம். அடுத்த வருஷமே..." லவினியா முடிக்கவில்லை.

"குறிப்புல அவர் பட்டம் வாங்கின வருஷத்து மார்ச் தேதி போட்டிருக்கு. அப்ப அவர் கல்லூரியில இருந்தார். போர்முனைக்கு அனுப்பின தகப்பன்னு உங்கப்பா எப்படி எழுதியிருக்க முடியும்? அது பின்னால எழுதினது. நூலகத்துக்காரங்க கண்ணுல அந்தத் தேதிக் குளறுபடி படாம போகாது. இந்த வெயில்ல கணப்புல நெருப்பு மூட்ட யாருக்கு அவசியம்?"

டெல்லாவுக்கு விளங்கிவிட்டது. கிழவரைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

"வினிஃப்ரெட்டை விட்டுடும்மா," என்றார் தேயர். "எரிச்சது நான்தான். அன்னிக்கு ஜனாதிபதி, போருக்குப் போகலாமான்னு ஒவ்வொருத்தரா கேட்டார். என் முறை வந்தப்போ 'சரி'ன்னுட்டேன். ஒரே வார்த்தை."

"அப்ப அந்தக் குறிப்பு?"

"லோவெல் போனதுலேர்ந்து உங்கம்மா என்கூடப் பேசவே இல்ல. கடைசி காலத்துல அவ படுக்கையில கிடந்தப்போ உக்காந்து டைப் அடிச்சேன். அவ ஒருத்தி படிக்கத்தான். அப்புறம் நீ பார்த்துட்டே, ஊரே என்னைக் கொண்டாடுச்சு. என்னால வாயைத் திறக்க முடியலை."

"அம்மா நம்பினாங்களாப்பா?"

"ரெண்டு தடவை படிச்சா. 'நல்லா எழுதியிருக்கீங்க'ன்னா. அவ்வளவுதான். சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா."

 லவினியா தொலைபேசியை எடுத்து வினிஃப்ரெட்டின் எண்ணைச் சுழற்றினாள். மன்னிப்புக் கேட்டாள். அடுத்ததாக நூலகத்தின் எண்.

"என்னன்னு சொல்லட்டும்ப்பா?"

நான்கு ஜனாதிபதிகளுக்கு யோசனை சொன்னவர் வாயைத் திறந்தார். ஒரு சொல்லும் வரவில்லை.