சிக்கனத் தரம்

தங்கையின் கீழுதட்டுக்குக் கீழே இருந்த மச்சத்தைக் காணோம்.

காலை பதினோரு மணி. வெளியே மழை பிடித்துக்கொண்டு இரண்டு நாளாகிறது. ஆனால் அந்த அறைக்குள் மழையும் ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான். படங்களின் நிறம் திருத்துகிறவர்களுக்கு வெளிச்சம் ஆகாது என்பதால், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்து, சுவருக்குச் சாம்பல் நிறம் பூசி, பட்டப்பகலையே வீட்டைவிட்டு வெளியேற்றியிருந்தாள் பெரியவள். கம்ப்யூட்டரின் விசிறி மூக்கடைத்த குழந்தை தூங்குவதுபோல விட்டுவிட்டு ஓடியது. ஈரம் குடித்த சுவரின் வாடையும் சூடேறிய பிளாஸ்டிக் வாடையும் ஒன்றோடொன்று கலந்து, அறை முழுவதும் தேங்கி நின்றன.

பெரியவள் என்றால் வயதில் ஒன்றும் கிழவி இல்லை. அக்காவும் தங்கையும் சேர்ந்து போட்டோ ஸ்டுடியோ நடத்திய காலத்தில் வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் அது. ஒருத்தி பெரியவங்க, இன்னொருத்தி சின்னவங்க. பெரியவள்தான் ஃபோனை எடுப்பாள். "சின்னவங்க வருவாங்களா?" என்று கேட்பார்கள். சின்னவள் தனியாகப் பிரிந்துபோய் மூன்று வருடமாகிறது. கேள்வி மட்டும் இன்னும் இந்த ஃபோனுக்கே வந்துகொண்டிருந்தது.

திரையில் இருந்தது சின்னவளின் முகம். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வேலைக்குப் போனாலும் முதல் படம் தன் முகம்தான். கேமராவைக் கைநீளத்தில் திருப்பிப் பிடித்து, அந்த இடத்தின் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று தன்மேலேயே ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களை எடுப்பாள். அதனால் அவளுடைய ஒவ்வொரு ஃபோல்டரும் அவள் முகத்தில்தான் தொடங்கும். நேற்று எடுத்த முகத்தில் மச்சம் இல்லை.

'மினுக்கி! தன் மூஞ்சியைத் தானே திருத்திக்கிறா பாரு' என்றுதான் பெரியவளுக்கு முதலில் தோன்றியது. தோன்றியதும் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. ஆனால் போன வாரத்து ஃபோல்டரிலும் மச்சம் இல்லை. போன வருடத்திலும் இல்லை. இருவரும் ஒன்றாக ஸ்டுடியோ திறந்த அன்று எடுத்த படத்தில், உதட்டுக்குக் கீழே வழுவழுவென்று தோல் மட்டும் இருந்தது.

இந்தப் படங்களெல்லாம் அக்காவின் கண்ணில் பட்ட கதை ஒரு மாதத்துக்கு முந்தியது. பெரியவளின் ஹார்டு டிஸ்க் ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போனது. அதோடு ஒரு குடும்பத்தின் கல்யாணமும் போனது. அழாத குறையாக அவள் உட்கார்ந்திருந்தபோது சின்னவள்தான் வந்து தோளைப் பிடித்தாள்.

"ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு பேக்கப் சாஃப்ட்வேர் வாங்கிடலாம்க்கா. தனித்தனியா வாங்கினா கட்டுப்படியாகாது. நீயே பாத்து ஒண்ணு வாங்கு. எனக்கு இதெல்லாம் தலையும் புரியாது, வாலும் புரியாது."

பெரியவள் மூன்றைப் பார்த்தாள். ஒன்று நல்லது, ஆனால் விலையைக் கேட்டாலே காய்ச்சல் வரும். இன்னொன்று ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும். மூன்றாவதுதான் மலிவு. இருவரின் கம்ப்யூட்டரையும் சேர்த்துக்கொள்ளும்; இடம் மட்டும் அளவோடு கொடுக்கும். அந்த இடத்துக்குள் எல்லாவற்றையும் அடக்க அது ஒரு வழியும் வைத்திருந்தது. ஒவ்வொரு ஃபோல்டருக்கும் 'முழுத் தரம்' முதல் 'சிக்கனத் தரம்' வரை ஐந்து படிகள் கொண்ட ஒரு கோடு. கோட்டின்மேல் ஒரு சின்ன உருண்டை. உருண்டையைக் கீழே இறக்க இறக்கப் படங்கள் நுணுக்கத்தை இழந்து, குறைந்த இடத்தில் சுருண்டுகொள்ளும்.

இருவர் படங்களையும் ஏற்றிப் பார்த்தபோதுதான் பெரியவளுக்கு அது தெரிந்தது. சின்னவளின் படங்கள் தன்னுடையதைப்போல இரண்டு மடங்கு இருந்தன. மூன்றே வருடத்தில் அவ்வளவு வேலை. வயிற்றில் யாரோ அடுப்பை ஏற்றிவைத்ததுபோல இருந்தது. யாராவது ஒருத்தியின் படங்களைக் குறைத்தால்தான் இடம் போதும். தன்னுடையதை முழுத் தரத்தில் வைத்தாள். தங்கையுடையதை ஒரு படி இறக்கினாள்.

குறைத்துச் சேமித்த படத்தைத் திரும்பத் திரும்பச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் போகும் என்பது போட்டோ தொழிலில் பாலபாடம். இந்த சாஃப்ட்வேர் தினமும் ஒரு சுற்று வந்து எல்லாவற்றையும் புதிதாகச் சேமிக்கும். இங்கே இருப்பதும் அங்கே இருப்பதும் அச்சாக ஒன்றாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்ளும். அதாவது, இங்கே குறைத்தால் சின்னவளின் கம்ப்யூட்டரிலும் குறையும். வாங்கும்போது அதைப் படித்தாளா என்று கேட்டால், படித்தாள்.

மத்தியானம் மூன்றரைக்கு வாசல் மணி அடித்தது. பெரியவளின் ஆறு வயது மகள் குட்டியைப் பள்ளியிலிருந்து தினமும் சின்னவள்தான் கூட்டிவருவாள். அவள் வீடு பள்ளிக்குப் பக்கம். குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தவளின் முகத்தைப் பெரியவள் பார்த்தாள்.

"மச்சம் எங்கடி?"

"எந்த மச்சம்?"

"உதட்டுக்குக் கீழே. பொறந்ததுலேருந்து இருக்குமே."

சின்னவள் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். "உனக்குக் கண்ணாடி மாத்தணும்க்கா. எனக்கு ஏது மச்சம்?"

பெரியவள் அந்த உதட்டையே உற்றுப் பார்த்தாள். கேட்க வேண்டிய அடுத்த கேள்வி நாக்கு நுனியில் நின்றது. அதற்குள் குட்டி சித்தியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "சித்தி மூஞ்சி எவ்ளோ பளபளன்னு இருக்கு பாரும்மா! உன் மூஞ்சி ஏன் அப்படி இல்ல?" என்றது.

"அதை விடுக்கா, சொல்ல மறந்துட்டேன். அந்தப் புது ஆஸ்பத்திரி இருக்குல்ல, பொறக்கிற குழந்தைங்களை எல்லாம் படம் எடுக்கிற வேலை, அது வருஷம் முழுக்க எனக்கே குடுத்துட்டாங்க!"

அந்த வேலைக்குப் பெரியவளும் கேட்டிருந்தாள். தங்கையிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். "அடி சக்கை" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள். சொன்ன வாய் வலித்தது. சின்னவள் போனதும் கறுப்பு அறைக்குள் போய் உட்கார்ந்தாள். பயமாகத்தான் இருந்தது. ஒரு படத்துக்கும் ஒரு முகத்துக்கும் என்ன சம்பந்தம் இருக்க முடியும் என்று தனக்குத்தானே கேட்டாள். சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டாள். சோதிக்கிறவள் உருண்டையை மேலேயும் ஏற்றலாம். அவள் கீழே இறக்கினாள். ஒன்றில்லை, இரண்டு படி.

மறுநாள் ஃபோனில் சின்னவளின் குரல் கேட்டது. வார்த்தைகள் சரியாகத்தான் இருந்தன. ஆனால் வார்த்தைகளுக்கு நடுவே மூச்சு இல்லை. சிரிக்கும்போது கடைசியில் மூக்கால் ஒரு குறட்டை விடுவாளே, சின்ன வயதில் அதற்காகவே அவளைக் கிச்சுகிச்சு மூட்டுவார்களே, அது இல்லை. சிரிப்பு ஒரே மட்டத்தில் தொடங்கி ஒரே மட்டத்தில் நின்றது.

அதற்கடுத்த நாள் வாசலில் நின்றபோது அவளிடம் வாசனையே இல்லை. மழையில் நடந்து வந்தவள். சோப்பு இல்லை, வேர்வை இல்லை, நனைந்த துணியின் வாடைகூட இல்லை. தண்ணீர் வாங்கிக் குடித்த கையில் விரல்கள் நீளமாக, அழகாக, ஒரு மடிப்புகூட இல்லாமல் இருந்தன. கணுக்களில் கோடு இல்லை. நகம் எங்கே முடிந்து சதை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

"எல்லாரும் கேக்கிறாங்க, என்ன பூசுறேன்னு. நான் ஒண்ணும் பூசலக்கா" என்றாள். கண் சிமிட்டவில்லை. "அக்கா, நம்ம அம்மா என்னை எப்படிக் கூப்பிடுவாங்க? ஒரு செல்லப் பேர் இருந்திச்சுல்ல? காலையிலேருந்து யோசிக்கிறேன்."

பெரியவளுக்கு அந்தப் பெயர் தெரியும். அம்மா அவளை மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவாள். பெரியவளுக்குச் செல்லப் பெயர் வைக்கவில்லை. அது முப்பது வருடத்துப் பொருமல். "ஞாபகம் இல்லடி" என்றாள்.

சின்னவள் தலையாட்டிக்கொண்டு மழையில் இறங்கினாள். அவள் போன தெருவையே பெரியவள் பார்த்துக்கொண்டு நின்றாள். தூரத்தில் போகிறவர்கள் மங்கலாகத் தெரிவது இயல்புதான். ஆனால் சின்னவள் நாலாவது வீட்டைத் தாண்டுவதற்குள்ளேயே மங்கிவிட்டாள். அவளைத் தாண்டி நடந்த ஆளின் சட்டைக் கட்டம்கூடத் துல்லியமாகத் தெரிந்தது.

அப்போதுதான் பெரியவளுக்கு உறைத்தது. பொறாமை எத்தனை இருந்தாலும் அவள் இவளுடைய தங்கை. இவள் இடுப்பில் உட்கார்ந்து வளர்ந்தவள். இருக்கிற ஒரே தங்கை.

பெரியவள் அன்று இரவு கண்ணை மூடவில்லை. மறுநாள் விடிந்ததும் உருண்டையை மேலே ஏற்றினாள். முழுத் தரம். உருண்டை ஏறியது. படங்கள் மாறவில்லை. ஒரு ஃபோல்டரைத் திறந்தாள். தங்கையின் முகத்தில் கண்கள் இரண்டு கறுப்புத் திட்டுகளாக இருந்தன. இன்னொன்று. அதிலும் அப்படியே. நூறு ஃபோல்டர், நூறு முகம், எல்லாம் ஒரே சிரிப்பு. பல் இல்லை. பல் வரிசை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் பட்டை.

உதவி மையத்துக்கு ஃபோன் செய்தாள். மத்தியானம்வரை பாட்டுதான் போட்டார்கள். மூன்று மணி தாண்டி ஒரு மனிதக் குரல் வந்தது.

"மேடம், குறைச்சதைத் திரும்பக் கூட்ட முடியாது. எடுத்துப் போட்டதை எங்கேருந்து கொண்டுவர்றது? இருக்கிறதை இனிமே அப்படியே வெச்சுக்கலாம், அவ்வளவுதான்."

"பழசு எங்கேயாவது இருக்காதா? ஒரே ஒரு படம்?"

"வாங்கும்போதே கேட்டிருக்குமே மேடம். நீங்க சம்மதம்னு அழுத்தியிருக்கீங்க."

விசிறி மூச்சு விட்டது.

"இன்னொரு விஷயம். இன்னிக்குச் சுற்று ஏற்கெனவே ஓடிட்டிருக்கு. நீங்க மாத்தினது அது முடிஞ்சப்புறம்தான் செல்லும். இன்னிக்கு அந்தக் கம்ப்யூட்டர்ல ஏறுற படமெல்லாம் பழையபடி குறைச்ச தரத்துலதான் போகும்."

"நிறுத்துங்க. இப்பவே நிறுத்துங்க."

"நடுவுல நிறுத்த முடியாது மேடம்."

திரையின் அடியில் பச்சைக் கோடு நகர்ந்துகொண்டிருந்தது. சின்னவளின் ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக மேலே போயின. போன வருடம். போன மாதம். நேற்று. கடைசியில் இன்றைய தேதி போட்டு ஒரு புது ஃபோல்டர் முளைத்தது. அதில் ஒரே ஒரு படம். திறப்பதற்குள் கோடு முழுதாக நிறைந்தது. அறை ஒரு நொடி பச்சையாகி அணைந்தது.

மணி மூன்றரை. வாசல் மணி.

பெரியவள் எழுந்தாள். கூடத்தைக் கடந்தாள். மணி ஒருமுறை அடித்து நின்றதே தவிர, வெளியே வேறு சத்தம் இல்லை. குடை மடக்கும் சத்தம் இல்லை. செருப்பு உதறும் சத்தம் இல்லை. குட்டி வந்தால் வாசலிலேயே கத்தும். கத்தவில்லை.

கதவைத் திறந்தாள்.

சின்னவள் நின்றாள். மழை அவள்மேல் விழுந்தது. துளி தங்கவில்லை. மூக்கு இருந்தது, துவாரம் இல்லை. முடி இருந்தது, ஒரே கறுப்பாக, இழை இல்லாமல். வெள்ளைப் பட்டை திறக்காமலே, "அக்கா" என்று சத்தம் வந்தது.

பெரியவள் குனிந்து பார்த்தாள்.

குட்டி சிரித்துக்கொண்டிருந்தாள். நேற்றுத்தான் முன்பல் விழுந்தது. ஓட்டை இல்லை. ஒரே வெள்ளை.

"இன்னிக்கு சித்தி என்னையும் சேத்து எடுத்தாங்கம்மா" என்றாள். மூச்சு இல்லாத குரல். "கையைப் பிடிச்சுக்கிட்டு."

பெரியவள் மகளின் மணிக்கட்டைப் பற்றினாள். வழுவழு. சூடு இல்லை. தன் பக்கம் இழுத்தாள். குட்டி ஓர் அடி வந்தாள். சின்னவளும் ஓர் அடி வந்தாள்.

விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். பிரிக்க விரல் இல்லை. குட்டியின் கை எங்கே முடிகிறது? கோடு இல்லை. தங்கையின் கை எங்கே தொடங்குகிறது? கோடு இல்லை. ஒரே தோல். மகளின் தோளிலிருந்து இறங்கி, தங்கையின் தோள்வரை ஏறிப்போகும் ஒரே கை.

"விடுடி" என்று கத்தினாள். "என் பொண்ணை விடுடி!"

இரண்டு முகங்களும் ஒரே நேரத்தில் அவளை நிமிர்ந்து பார்த்தன.