பன்னிரண்டு பத்து

பெடலை அழுத்திக் கட்டியிருந்த கம்பி மறுபடியும் அவிழ்ந்து கிடந்தது. அறுந்திருந்தால்கூட சீதாராமனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். யாரோ பொறுமையாக முறுக்கைப் பிரித்து, நேராக்கி, ஜன்னலோரம் வைத்திருந்தார்கள். மணி பன்னிரண்டு பத்து. நேற்றும் முந்தாநாளும் இதே நேரத்தில்தான் இஞ்சின் அடங்கியது.

அரபு நாட்டு அல் கூஸ் மணலில், தண்டவாளமே இல்லாத இடத்தில், மரக்கட்டைகள் மேல் நின்றது அந்த அமெரிக்க டீசல் இஞ்சின். உருண்டை மூக்கும் வழவழ உடம்புமாக ஒரு காலத்தில் எக்ஸ்பிரஸ் இழுத்ததாம். இரண்டு ரயில் கம்பெனிகள் ஒன்றானபோது பழசு வேண்டாமென்று தள்ளிவிட்டார்கள். புதுப் பெயிண்டுக்கு அடியில் பழைய கம்பெனியின் பெயர் புடைத்துத் தெரிந்தது. தொழிலாளர் கேம்ப்புக்குக் கரண்ட் எடுக்கலாமென்று 1976இல் முதலாளி அதைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார். அந்த வெள்ளை யானை, பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் தொழில் கற்ற சீதாராமன் தலையில் விழுந்தது.

டிரைவரின் கால் அழுத்திக்கொண்டே இருக்கவேண்டிய பெடல் அது. கால் விலகினால் இஞ்சின் அடங்கிவிடும்.

"இருபத்து நாலு மணி நேரம் நிக்காம ஓடணும். நின்னா லீவ் மாஃபி, கிடையாது" என்று மேனேஜர் அகமது கபீர் சொல்லிவிட்டார். பாஸ்போர்ட் அவர் டிராயரில் இருந்தது. தினமும் பன்னிரண்டரைக்கு ஓட்டிவிட்டால், மறுநாள் இருபது நிமிஷம் பாக்கி இருக்கும்போது நின்று தொலைக்கும். ஊரில் மகள் பிறந்து பதினோரு மாதம். சட்டைப் பையிலிருந்த போட்டோவில் மட்டும்தான் அவளைப் பார்த்திருக்கிறான். ஆத்திரத்தில் அழுகையே வந்தது.

ஆயில் போடும் கார்மேகம் கீழிருந்து கேட்டார்: "சார், உங்க பொன்மலையில டூட்டி முடிஞ்சா டிரைவரு எறங்கிப் போயிரலாமா?"

"மாத்து ஆள் வராம எப்படிய்யா எறங்குவான்?"

"அப்ப இந்த இஞ்சினோட பழைய டிரைவரும் மாத்து ஆள் வந்தாச்சான்னு எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்குறாரு போல."

"வாய மூடிட்டு வேலையப் பாருய்யா!"

மறுநாள் பதினொன்றரைக்குக் தானே சீட்டில் உட்கார்ந்து, பெடலை மிதித்தபடியே கம்பியை அவிழ்த்தெறிந்தான் சீதாராமன். இஞ்சின் உறுமியது, டீசல் நாற்றத்தோடு யாரோ பிடித்த சுருட்டின் வாடையும், அவனுடையதல்லாத வியர்வையின் புளிப்பும் கலந்து வந்தன, கிழிந்த தோல் சீட்டில் இன்னொருவன் உடம்பின் பள்ளம் இருந்தது, அது வெயில் சூடாக இல்லை, ஆள் சூடாக இருந்தது.

பன்னிரண்டு ஒன்பது.

பத்து.

இஞ்சின் நிற்கவில்லை.

காதருகே ஒரு பெருமூச்சு. தோளில் இரண்டு தட்டு. பொன்மலையில் டூட்டி மாறும்போது தட்டுவதைப் போலவே. பின்னால் கதவு திறந்தது. ஏணியில் காலடி.

சீதாராமன் காலை எடுக்கப் பார்த்தான்.

வரவில்லை.

கத்தப் பார்த்தான். வாய் திறக்கவில்லை. குனிந்து பார்த்தான். பெடல் அழுந்தியிருந்தது. அதன்மேல் கால் இல்லை. சீட்டில் மடியும் இல்லை.

பன்னிரண்டரை. கீழே கார்மேகம் கூவினார். "சார்! ஜெயிச்சிட்டீங்க சார்! கபீர் பாய் பாஸ்போர்ட்டோட நிக்கிறாரு!"

கார்மேகம் இஞ்சினைப் பார்த்துக் கூவவில்லை. மணலில் நடந்துபோகிற ஒருவனைப் பார்த்துக் கூவினார். சீதாராமனின் சட்டை. சீதாராமனின் செருப்பு. அவன் திரும்பிச் சிரித்தான். சீதாராமனின் முகம்.

பிறகு சட்டைப் பையிலிருந்து குழந்தையின் போட்டோவை எடுத்து, முதல் தடவையாகப் பார்க்கிறவனைப் போல, நிதானமாகப் பார்த்தான்.