வெண்கலப் பிள்ளையின் பச்சை

1994 தை மாதம். புலம்பெயர்ந்த தமிழர் நிறைந்த பார்க்டேல் பகுதியில் இருந்த துப்பறிவாளர் சண்முகலிங்கத்தின் அறைக்கு நவரட்ணம் வந்து, பனி படிந்த குளிர்க்கோட்டைக் கழற்றினார். நகர நடுவில் ஒரு தனியார் கலைக்கூடத்தில் அவர் காவலாளி. சீருடையின் பித்தளைப் பொத்தான்கள் எல்லாம் மங்கிக் கிடக்க, வலது மணிக்கட்டில் இருந்தது மட்டும் புதிதுபோல் மின்னியது.

"ரோமாபுரிக் காலத்துச் சின்னப் பொடியன் ஒருவனின்ர வெண்கலத் தலை, அண்ணை. ரெண்டாயிரம் வருசப் பச்சைக் களிம்போட இருந்தது. திங்கக்கிழமை காலமை பார்த்தால் பளபளவெண்டு நிக்குது. ஞாயிறு துப்புரவு செய்த கோணேஸ்வரிதான் கெடுத்தவ எண்டு முதலாளி வேலையால நிப்பாட்டிப்போட்டார். வேலைக் கடிதம் இல்லாட்டி அவ மட்டக்களப்பில நிக்கிற மகனை இஞ்ச கூப்பிட ஏலாது."

சண்முகலிங்கம் எதற்கும் அவசரப்படாதவர். அவருக்கும் சேர்த்து உதவியாளர் அன்ரனெற் அவசரப்படுவாள். நவரட்ணத்தோடு கலைக்கூடத்துக்குள் நுழைந்ததும் சிலையோடு மூக்கை ஒட்டிக்கொண்டவள் அவள்தான். ஐந்து வயதுப் பிள்ளையின் கொழுத்த கன்னங்கள், குளிப்பாட்டித் துடைத்துவிட்டதுபோல் இருந்தன. காது மடிப்பில் கபில நிற நார் ஒன்று சிக்கியிருந்தது.

"உது புளி, அங்கிள். குத்துவிளக்கு மினுக்கிற மாதிரி மினுக்கியிருக்கு. எங்கட ஆள்தான். அப்ப கோணேஸ்வரியேதான்."

"இஞ்ச வேலை செய்யிற எங்கட ஆக்கள் எத்தினை பேர்?"

அன்ரனெற் விரல்விட்டு எண்ணினாள். இரண்டாவது விரலில் நவரட்ணத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"புளி பட்டால் பித்தளையும் மின்னும்," என்றார் சண்முகலிங்கம். "தேய்ச்ச கையின்ர பொத்தானையும் அது விடாது, நவரட்ணம்."

நவரட்ணம் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"வெள்ளிக்கிழமை பெரிய ஆக்கள் வருவினம், எல்லாம் மினுங்கவேணும் எண்டார் முதலாளி. பிள்ளையின்ர முகத்தில பாசி பிடிச்ச மாதிரிக் கிடந்தது, மனம் கேக்கேல்லை, ஞாயிறு இரவு புளி போட்டுத் தேய்ச்சுப்போட்டன். அந்தப் பச்சைதான் அதின்ர பெறுமதி எண்டு பிறகுதான் தெரியும். அவவில பழி விழேக்க வாய் திறக்கப் பயந்திட்டன். வெக்கக்கேடு, அண்ணை."

"பிறகேன் எங்களிட்ட வந்தனீங்கள்?" என்றாள் அன்ரனெற்.

"நானாச் சொல்லமாட்டன் எண்டு எனக்குத் தெரியும், பிள்ளை. அண்ணை கண்டுபிடிப்பார் எண்டு வந்தனான்."

"நான் கண்டுபிடிச்சது போதாது," என்றார் சண்முகலிங்கம். "நீங்கள்தான் சொல்லவேணும். முதல் அவவுக்கு, பிறகு முதலாளிக்கு."

அன்று மாலை கோணேஸ்வரி தன் வீட்டுக் கதவைத் திறந்தார். நவரட்ணத்தைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒருத்தரும் எட்டிப் பார்க்கல்ல. எனக்காக ஆள் பிடிச்சு அலைஞ்சது நீங்க மட்டும்தான், அண்ணன். உள்ளுக்கு வாங்க, தேத்தண்ணி போடுறன்."

அவர் ஏசியிருந்தால் நவரட்ணம் தாங்கியிருப்பார். உள்ளே போகக் கால் வரவில்லை. சப்பாத்தைக் கழற்றாமல், வாசல் குளிரில் நின்றபடியே சொல்லத் தொடங்கினார்.